டீம் செட் ஆயிருச்சா? சீசனுக்கு முந்தைய பேச்சு குறித்து சில குறிப்புகள்

கே.கே. நகர் உழவர் சந்தைக்குப் பக்கத்தில் காலையில் டீ குடிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. பிப்ரவரி பாதி தாண்டிவிட்டால் அங்கே பேச்சு மாறும். அதுவரை தக்காளி விலை, ரோட்டுப் பள்ளம், மாவட்டச் செய்தி என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று ஒரு நாள் "என்னண்ணே, டீம் செட் ஆயிருச்சா?" என்று திரும்பும். எந்த டீம் என்று யாரும் கேட்பதில்லை. 320 கிலோமீட்டர் தள்ளி சேப்பாக்கத்தில் ஆடும் டீம்தான். அங்கே போய் ஒரு ஆட்டமாவது பார்த்தவர்கள் அந்தக் கடையில் இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

இந்தப் பேச்சைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கலந்துகொள்ளவும் செய்கிறேன். இந்த முறை ஒரு நாவலையோ சினிமாவையோ விமர்சிப்பது போல இந்தப் பேச்சையே விமர்சித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. இதற்கும் ஒரு வடிவம் இருக்கிறது, தேய்ந்துபோன வசனங்கள் இருக்கின்றன, அசல் தருணங்களும் இருக்கின்றன.

முதலில் போன வருடத்தை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பரில் ஜெத்தாவில் நடந்த மெகா ஏலம் முடிந்ததும் நம்ம ஆட்கள் குதூகலத்தில் இருந்தார்கள். அஸ்வின் ஒன்பதே முக்கால் கோடிக்கு வீடு திரும்பியிருந்தார். நூர் அகமதுக்குப் பத்து கோடி. ஏற்கெனவே ஜடேஜா. சேப்பாக்கத்தில் இந்த மூன்று சுழலையும் எவன் ஆடுவான்? இதுதான் அந்த மார்ச் மாதத்தின் ஒரே கேள்வி. பதிலே தேவையில்லாத கேள்வி. நானும் தலையாட்டினேன்.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். 14 ஆட்டத்தில் 4 வெற்றி, பத்தாவது இடம். ஐபிஎல் வரலாற்றில் சிஎஸ்கே கடைசியில் முடித்தது அதுதான் முதல் முறை. பெங்களூரிடம் 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் முதல் தோல்வி. டெல்லியிடம் 2010க்குப் பிறகு முதல் தோல்வி. அதற்கு மேல் அந்த வருடம் கோப்பையே பெங்களூருக்குப் போனது. அந்தக் கடையில் பெங்களூர் ரசிகர் ஒருத்தர் உண்டு. பதினேழு வருடம் கேலி வாங்கியவர். அவர் அந்த ஜூன் மாதம் தினமும் ஒரு டீ கூடுதலாகக் குடித்தார் என்று நினைக்கிறேன்.

கணிப்பு தப்புவது குற்றமில்லை. எல்லோருக்கும் தப்பும். என் கவனத்தை இழுத்தது வேறு. இந்த வருடம் "டீம் செட்" என்று சொல்வதற்கு எந்தப் பெயர்களைக் காரணமாகச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல். இந்த மூன்று பேரும் போன மார்ச்சில் அணியிலேயே கிடையாது. ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டதால் மாத்ரே வந்தார். குர்ஜப்நீத் சிங் காயப்பட்டதால் பிரெவிஸ் வந்தார். வன்ஷ் பேடி காயப்பட்டதால் உர்வில் வந்தார். அதாவது எந்த மூன்று ஆட்களைக் காட்டி இப்போது நம்பிக்கை வளர்க்கிறோமோ, அவர்கள் மூன்று பேருமே விபத்தில் கிடைத்தவர்கள். நாலு மாதம் உட்கார்ந்து பிளேயிங் லெவன் எழுதிய எந்தக் காகிதத்திலும் அவர்கள் பெயர் இல்லை. பதினேழு வயதுப் பையன் பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்த ராத்திரி வரைக்கும், எங்கள் கடையில் அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட ஆள் இல்லை.

அப்படியென்றால் சீசனுக்கு முன்னால் நாம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்? நமக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர்களைப் பற்றி. இந்தப் பேச்சின் முதல் பலவீனம் அதுதான். பேசுவதெல்லாம் பழைய சீசனின் நினைவு. அதற்கு "கணிப்பு" என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

அந்த நினைவு சாதாரணமானதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தை, மோகித் சர்மா எந்த இடத்தில் குத்தினார், ஜடேஜா எந்தக் காலை நகர்த்தினார் என்பது வரை, டீ கிளாஸை பேட் மாதிரிப் பிடித்து நடித்துக் காட்டுகிற ஆட்டோக்காரர் ஒருவர் இருக்கிறார். பத்து ரன் வேண்டும், ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். நூறு தடவை கேட்டாயிற்று, இன்னும் அலுக்கவில்லை. நடந்ததைச் சொல்லும்போது இந்த ஆட்கள் அற்புதமான கதைசொல்லிகள். நடக்கப்போவதைச் சொல்லும்போதுதான் சோதிடர் ஆகிவிடுகிறார்கள்.

சோதிடம் என்று சும்மா சொல்லவில்லை. "ஒற்றைப்படை வருஷம்" என்று ஒரு சித்தாந்தம் ஓடியது. 2020இல் ஏழாம் இடம், 2021இல் கோப்பை. 2022இல் ஒன்பதாம் இடம், 2023இல் கோப்பை. 2024இல் ஐந்தாம் இடம், ஆகவே 2025இல் கோப்பை. 2010இலும் 2018இலும் ஜெயித்தோமே, அது இரட்டைப்படை ஆச்சே என்று கேட்டால், "அது வேற கணக்கு சார்" என்பார்கள். சரி, 2025 வந்தது, கடைசி இடமும் வந்தது. சித்தாந்தம் செத்ததா? இல்லை. இப்போது அது "அடி வாங்கின அடுத்த வருஷம் கப்பு" என்று மறுபிறவி எடுத்திருக்கிறது. 2021, 2023 இரண்டும் இந்தப் புதுச் சட்டைக்கும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. 2025ஐ மட்டும் "அதுக்கு முந்தின வருஷம் அஞ்சாவது எடம்தானே, அது அடியே இல்ல" என்று ஒதுக்கிவிடலாம். தப்பவே முடியாத கணிப்பை என்ன செய்வது? அதில் தகவலே இல்லை.

அந்த ஐந்தாம் இடத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். 2024 மே 18, பெங்களூர் சின்னசாமி. பெங்களூர் 218. சிஎஸ்கே ஜெயிக்கக்கூட வேண்டாம், 201 எடுத்தால் பிளேஆஃப் போயிருக்கும். கடைசி ஓவரில் 17 ரன் வேண்டும். முதல் பந்தை தோனி சிக்ஸுக்குத் தூக்கினார், அடுத்த பந்தில் அவுட். 191இல் நின்றது. பத்து ரன் வித்தியாசம். அந்தப் பத்து ரன் கிடைத்திருந்தால் "தொடர்ந்து நம்பர் ஒன் மேனேஜ்மென்ட்" என்று பேசியிருப்போம். கிடைக்காததால் "வயசான டீம், எல்லாரையும் மாத்தணும்" என்று பேசினோம். ஒரே அணி, ஒரே 14 ஆட்டம்.

இங்கேதான் எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. பள்ளிக்கூட நிகழ்தகவுதான், பயப்பட வேண்டாம்.

ஓர் அணி சரியாக நடுத்தரமானது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு, நாணயம் சுண்டுவது போல. 14 தடவை சுண்டினால் சராசரியாக 7 வெற்றி. ஆனால் 4 அல்லது அதற்கும் குறைவாக வருவதற்கான வாய்ப்பு சுமார் 9 சதவீதம். 10 அல்லது அதற்கு மேல் வருவதற்கும் அதே 9 சதவீதம். ஐபிஎல்லில் பத்து அணி. பத்துமே ஒன்றுக்கொன்று சமமான அணிகள் என்றாலும்கூட, கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒன்று சும்மா அதிர்ஷ்டக் கேட்டாலேயே 4 வெற்றியோடு குப்புற விழும். இன்னொன்று 10 வெற்றியோடு மேலே போய் நிற்கும். அதற்கு நாம் காரணங்கள் கண்டுபிடிப்போம். கேப்டன்சி, டிரெஸ்ஸிங் ரூம் சூழல், பிட்ச் தயாரித்தவர்.

இப்போது உண்மையிலேயே பலமான அணி ஒன்று. ஒவ்வொரு ஆட்டத்திலும் 60 சதவீதம் ஜெயிக்கும். இந்த அளவுக்கு மேலாதிக்கம் டி20இல் சுலபமாக வாய்ப்பதில்லை. அந்த அணியும் பத்து சீசனில் மூன்று சீசன் 7 வெற்றி அல்லது அதற்குக் கீழேதான் முடிக்கும். 7 வெற்றி என்பது பிளேஆஃப் வாசலில் ரன் ரேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இடம்.

இதே 60 சதவீத அணியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் மேஜர் லீக் பேஸ்பாலில் விடுங்கள். அங்கே ஓர் அணி ஒரு சீசனில் ஆடுவது 162 ஆட்டம். அப்படி ஆடினால் பாதிக்கு மேல் தோற்று முடிவதற்கான வாய்ப்பு ஒரு சதவீதம்கூட இல்லை. அங்கேயும் மார்ச் மாதம் பயிற்சி ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டு ரசிகர்கள் இதே மாதிரி உட்கார்ந்து வாய் வலிக்கப் பேசுகிறார்கள். ஆனால் அவர்களுடைய பேச்சுக்கு ஓர் அடித்தளம் உண்டு. காகிதத்தில் பலமான அணி செப்டம்பருக்குள் பெரும்பாலும் களத்திலும் பலமான அணியாகத் தெரிந்துவிடும், அதற்கு நேரம் இருக்கிறது. நம்ம ஊரில் காகிதம் உண்மையா பொய்யா என்று தெரிவதற்குள் சீசனே முடிந்துவிடுகிறது. இரண்டு மாதம், 14 ஆட்டம், போயே போச்சு. பேஸ்பால் ரசிகன் போடுகிற கணக்கை நாம் கடன் வாங்குகிறோம், அந்தக் கணக்கு வேலை செய்வதற்கான ஆட்டங்கள் நம்மிடம் இல்லை.

நாணயக் கணக்கை வைத்து 2025ஐ வெறும் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிடவும் நான் தயாரில்லை. முதல் ஆறு ஓவரில் மற்ற அணிகள் ஓடிய வேகத்துக்குச் சிஎஸ்கே நடந்தது. 197 துரத்துகையில் தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார், அணி 50 ரன்னில் தோற்றது. இவையெல்லாம் சுண்டின காசு இல்லை, எடுத்த முடிவுகள். நான் சொல்வது இவ்வளவுதான்: வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்து அணியை எடைபோட முடியாது. எப்படித் தோற்றார்கள் என்று பார்க்க வேண்டும். நம் பேச்சு அதைச் செய்வதே இல்லை. ஏலத் தொகையில் ஆரம்பித்து புள்ளிப் பட்டியலில் முடிகிறது, நடுவில் ஆட்டம் காணாமல் போகிறது.

ஏலத் தொகை என்றதும் ஞாபகம் வருகிறது. டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவரையும் சிஎஸ்கே ஆளுக்கு 14 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. அடிப்படை விலை 30 லட்சம். இந்தியாவுக்கு ஆடாத வீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட தொகையில் அதுவே அதிகம். ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்கு 19. அவர்கள் ஆடி நாங்கள் ஒரு பந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் மறுநாள் காலை கடையில் நாங்கள் எல்லோரும் அந்த 28 கோடியைச் சொந்தப் பையிலிருந்து கொடுத்த மாதிரி பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்தர் ரொம்ப வருத்தத்தில் இருந்தார். தண்ணி கேன் வியாபாரம் செய்பவர். முந்தின வாரம்தான் ஒரு கேனுக்கு ஐந்து ரூபாய் ஏற்றலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தவர்.

பணப் பேச்சு முழுக்க அபத்தம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு அணிக்கும் 125 கோடி என்று உச்சவரம்பு இருப்பதால், ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்குக் கிடைக்காது. ஏல நாள் வரைக்கும் விலை அர்த்தமுள்ள தகவல். ஏலம் முடிந்த நிமிடமே அது செத்த கணக்கு. 14 கோடி ஆளும் 75 லட்சத்துக்கு வந்த சர்ஃபராஸ் கானும் கிரீஸில் நின்றால் அதே பந்துதான் வரும். ஆனால் நாம் சீசன் முழுக்க விலைப் பட்டியலோடுதான் ஆட்டம் பார்க்கிறோம். போன வருடம் அஸ்வின் 9 ஆட்டத்தில் 7 விக்கெட் எடுத்தார். ஒரு விக்கெட்டுக்கு இத்தனை கோடி என்று வகுத்துச் சொல்லாத ஆள் இல்லை. முன்னூறு ரூபாய்க்கு வாங்கின செருப்பு அறுந்துபோன மாதிரி ஒரு கோபம்.

அதே அஸ்வின் பெயரிலான யூடியூப் சேனலில் 2025 ஏப்ரலில் ஒரு விமர்சகர், இரண்டு ஸ்பின்னர் இருக்கும்போது நூர் அகமது எதற்கு என்று கேட்டார். பெரிய ரகளையாகிவிட்டது. மிச்ச சீசனுக்கு சிஎஸ்கே ஆட்டங்களைப் பற்றிப் பேசப் போவதில்லை என்று சேனல் அறிவித்தது. நூர் அந்த சீசனை 24 விக்கெட்டோடு முடித்தார், ஆகவே கேள்வி தப்பு என்று ஆயிற்று. என் பார்வையில் கேள்வி கேட்டதில் தப்பில்லை. மூன்று சுழலும் ஒன்றாக ஆட வேண்டுமா என்பது கேட்க வேண்டிய கேள்வி. பதிலாக வேறு பெயரைச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். ஓர் அணியைப் பற்றி விமர்சனம் வாயைத் திறந்ததும் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்ததே, அதுதான் எனக்கு உறுத்தியது. அணி நிர்வாகம் மூடச் சொல்லவில்லை. தலைமைப் பயிற்சியாளர் ஃபிளெமிங், அப்படியொரு சேனல் இருப்பதே தெரியாது என்ற தொனியில்தான் பதில் சொன்னார். சூடு வந்தது ரசிகர்களிடமிருந்து, நம்மிடமிருந்து.

ஜடேஜா விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம்.

2025 நவம்பரில் அவரையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். 12 சீசன் மஞ்சள் சட்டை போட்டவர். வர்த்தகமாகப் பார்த்தால் தப்பில்லாத முடிவு என்றே நினைக்கிறேன். டாப் ஆர்டரில் வேகம் வேண்டும், தோனிக்குப் பிறகு கீப்பர் வேண்டும், இரண்டும் ஒரே ஆளில் கிடைக்கிறது. என் பிரச்சினை கடையில் வந்த எதிர்வினை. "தளபதிய வித்துட்டாங்களே" என்று ஒரு வாரம் துக்கம். நிஜமான துக்கம், நடிப்பில்லை. அந்த ஆட்டோக்காரர் இரண்டு நாள் கடைசி ஓவர் கதையைச் சொல்லவே இல்லை.

ஆனால் இதே ஆட்கள் (நான் உட்பட, தயவுசெய்து என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்) மூன்று சீசனாக ஜடேஜா கிரீஸுக்கு வந்தால் சீக்கிரம் அவுட் ஆகட்டும், தல வரட்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள். 2023 மே மாதம் அவரே பரிசளிப்பின்போது, தான் மேலே இறங்கினால் கூட்டம் தன் விக்கெட்டுக்காகக் காத்திருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். அந்த மாதக் கடைசியில்தான் அந்த சிக்ஸும் ஃபோரும். நம்ம அணிக்காரன் அவுட் ஆனால் விசில் அடிக்கிற வழக்கத்தைப் பற்றி ஒரு மார்ச் மாதத்திலாவது, ஒரு டீக்கடையிலாவது நாம் பேசியிருக்கிறோமா? டீம் செட்டா, லெவன் செட்டா, இம்பாக்ட் பிளேயர் யார் என்று எல்லாம் பேசுகிறோம். ரசிகன் செட்டா என்று யாரும் கேட்பதில்லை.

கடைசியாக ஒன்று. திருச்சிக்கென்று ஒரு தொழில்முறை அணி இருக்கிறது என்று அந்தக் கடையில் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். டிஎன்பிஎல் 2016இல் தொடங்கியபோது ரூபி காஞ்சி வாரியர்ஸ் என்று இருந்த அணி, பிறகு ரூபி திருச்சி வாரியர்ஸ் ஆனது, 2023இல் பால்ஸி திருச்சி ஆனது, 2024இலிருந்து திருச்சி கிராண்ட் சோழாஸ். பெயரை மனப்பாடம் செய்வதற்குள் மாற்றிவிடுகிறார்கள், அதுவும் ஒரு காரணம்தான். 2021இல் இறுதி ஆட்டம் வரை போனார்கள். கொரோனாவால் எல்லா ஆட்டமும் சேப்பாக்கத்தில், ஆளில்லாத அரங்கில். சேப்பாக் சூப்பர் கில்லீஸிடம் 8 ரன்னில் தோற்றார்கள். 2023இல் ஏழு ஆட்டம் ஆடி ஏழும் தோல்வி. 2025இல் பிளேஆஃப் வந்து, எலிமினேட்டரில் திண்டுக்கல்லிடம் விழுந்தார்கள். அந்த ஆட்டத்தில் பந்திலும் மட்டையிலும் நம்மைச் சாய்த்தவர் அஸ்வின், இரண்டு மாதம் முன்பு விக்கெட்டுக்கு இத்தனை கோடி என்று வகுக்கப்பட்ட அதே ஆள்.

டிஎன்பிஎல்லைக் குட்டி ஐபிஎல் என்று ஒதுக்குகிறவர்களுக்கு: நடராஜன், வருண் சக்கரவர்த்தி, சாய் சுதர்சன் மூவரும் அந்தக் குட்டி லீக்கில் கண்ணில் பட்டவர்கள்தான். சாய் சுதர்சன் 2023 இறுதி ஆட்டத்தில் சிஎஸ்கேவுக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தார், 2025இல் 759 ரன்னோடு ஆரஞ்சுத் தொப்பி வாங்கினார், இரண்டும் குஜராத்துக்காக. "நம்ம பையன் ஏன் நம்ம டீம்ல இல்ல?" என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கலாம்தான். கோவைக்காக அவர் ஆடிக்கொண்டிருந்தபோது நாம் எந்த சேனலை வைத்திருந்தோம் என்பதையும் சேர்த்துக் கேட்டால் நன்றாயிருக்கும்.

நம் ஊர் அணி நம் ஊரில் ஆடுவதில்லை என்பது உண்மைதான். ஆட்டங்கள் நத்தத்தில், சங்கர் நகரில், சேலத்தில், கோவையில். காஜாமலைப் பக்கம் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது, டிஎன்பிஎல் நடத்துகிற தரத்தில் கிரிக்கெட் மைதானம் இல்லை. ஆனால் நத்தம் இங்கிருந்து நூறு கிலோமீட்டர்கூட இருக்காது. சேப்பாக்கத்துக்கு ஆகிற பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த வாரம் கடையில் அதைச் சொல்லிப் பார்த்தேன். ஜூன், ஜூலையில் ஒரு நாள் நத்தம் போவோம், ஒரு வேன் பிடித்தால் பத்துப் பேர் போகலாம் என்று. தண்ணி கேன்காரர் யோசித்தார். ஆட்டோக்காரர் மட்டும், "நம்ம டீம்ல யாருண்ணே இருக்கா?" என்று கேட்டார். எனக்கு நாலு பேருக்கு மேல் பெயர் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடி எழுதிவைத்திருக்கிறேன், நாளைக்குக் கொண்டுபோகணும்.